நைட்ரஜன் நுழையும் வாசல்

(மயிலாப்பூர்ப் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் இரண்டாம் தொகுதியில் ‘கரிம நைட்ரஜன் சேர்மங்கள்’ என்று ஓர் அலகு இருக்கிறது. புத்தகத்தில் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கும். அதை நடத்தப் போகும்போது திருப்புதல் தேர்வு நெருங்கியிருக்கும். அதனால் நாமும் வேகமாக ஓட்டுவோம், மாணவர்களும் “டின், ஹைட்ரோகுளோரிக் அமிலம், அனிலீன்” என்று மந்திரம் போல மனப்பாடம் செய்துகொள்வார்கள். அந்த அலகின் முதல் பகுதியான நைட்ரோ சேர்மங்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்க வேண்டாம். செருப்பும் மிளகாய்த்தூளும் பஞ்சு மிட்டாயும் இதற்குள் வரும்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். ‘நைட்ரோ’ என்று கரும்பலகையில் எழுதினாலே பின்வரிசையிலிருந்து “வெடிகுண்டு” என்று குரல் வரும். சினிமா கற்றுக்கொடுத்த வேதியியல் அது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் நினைக்கும் நைட்ரோ கிளிசரின் ஒரு நைட்ரோ சேர்மமே அல்ல. நைட்ரோ சேர்மத்தில் நைட்ரஜன் நேராகக் கார்பனோடு பிணைந்திருக்க வேண்டும். நைட்ரோ கிளிசரினில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே ஓர் ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது. அது நைட்ரிக் அமிலத்தின் எஸ்டர். நீலகிரி அருவங்காட்டில் நூறாண்டுக்கு மேலாக இருக்கும் கார்டைட் தொழிற்சாலையின் பெயருக்குக் காரணமான கார்டைட்டில் இருந்த முக்கியப் பொருள்கள் இரண்டும், அதாவது நைட்ரோ கிளிசரினும் நைட்ரோ செல்லுலோஸும், இந்த எஸ்டர் வகைதான். நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருந்து நாக்கின் அடியில் போட்டுக்கொள்ளும் சார்பிட்ரேட் மாத்திரையும் அதே வகை. பெயர் வைத்தவர்கள் செய்த குழப்பம். இதை ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லிவிடுங்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கும் உதவும்.

இனி உண்மையான நைட்ரோ தொகுதிக்கு வருவோம். ஒரு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். எழுதும்போது ஒரு பக்கம் இரட்டைப் பிணைப்பும் மறுபக்கம் ஒற்றைப் பிணைப்புமாக எழுதுகிறோம். ஆனால் அளந்து பார்த்தால் இரண்டு பிணைப்புகளின் நீளமும் ஒன்றுதான். உடனிசைவுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. இந்தத் தொகுதியின் குணம் எலக்ட்ரானை இழுப்பது. பென்சீன் வளையத்தில் ஒட்டிக்கொண்டதும் வளையத்தின் எலக்ட்ரான் அடர்த்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். குறிப்பாக ஆர்த்தோ, பாரா இடங்கள் வறண்டுவிடும். அதனால்தான் அடுத்து வரும் எலக்ட்ரான் கவர் பொருள் மெட்டா இடத்துக்குப் போகிறது. மெட்டா இடம் செழிப்பாக இருப்பதால் அல்ல, மற்ற இரண்டும் அதைவிட மோசமாக இருப்பதால். இப்படிச் சொன்னால் மாணவர்கள் மறப்பதில்லை.

இழுப்பு எவ்வளவு என்பதற்கு எண்களே சாட்சி. பீனாலின் பிகேஏ மதிப்பு ஏறத்தாழ 10. பாரா இடத்தில் ஒரு நைட்ரோ தொகுதி சேர்ந்தால் அது 7.1 ஆகிறது. மூன்று நைட்ரோ தொகுதிகள் சேர்ந்த பிக்ரிக் அமிலத்துக்கு 0.4. கார்பாக்சிலிக் தொகுதி ஒன்றுகூட இல்லாத ஒரு பொருளை நாம் ‘அமிலம்’ என்றே அழைக்கும் அளவுக்கு இந்த இழுப்பு வேலை செய்திருக்கிறது.

இவ்வளவும் புத்தகத்தில் இருப்பதுதான். புத்தகம் சொல்லாமல் விடுவது, இந்தத் தொகுதியை ஏன் இவ்வளவு பேர் இவ்வளவு டன் கணக்கில் செய்கிறார்கள் என்பது. நைட்ரோபென்சீனை நைட்ரோபென்சீனாகவே விரும்பி வாங்குவோர் மிகக் குறைவு. உலகத்தில் தயாராகும் நைட்ரோபென்சீனில் மிகப் பெரும்பகுதி உடனே அனிலீனாக மாற்றப்படுகிறது. காரணம் எளிது. பென்சீன் வளையத்தின் மேல் அமினோ தொகுதியை நேரடியாக ஏற்றுவது கடினம். நைட்ரோ தொகுதியை ஏற்றுவது சுலபம். எனவே முதலில் நைட்ரோவை ஏற்றி, பிறகு ஒடுக்கி, அமினோவாக்கிக் கொள்கிறார்கள்.

தி. நகர் பேருந்து நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு நின்றிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பேருந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். துண்டு பயணம் செய்யப் போவதில்லை. ஆள் ஏறி வந்ததும் துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். நைட்ரோ தொகுதிதான் அந்தத் துண்டு. (ஒப்புமை முழுக்கப் பொருந்தாது, வேதியியலில் துண்டே ஆளாக மாறிவிடுகிறது. இதை என் மாணவன் ஒருவன்தான் சுட்டிக்காட்டினான்.) எப்படியானாலும், நைட்ரஜன் பென்சீன் வளையத்துக்குள் நுழைய மனிதர்கள் கண்டுபிடித்த முதன்மையான வாசல் இதுதான். பாராசிட்டமால் மாத்திரையில் இருக்கும் நைட்ரஜனும் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகவே உள்ளே வந்தது. பாரா நைட்ரோ பீனாலை ஒடுக்கி, பாரா அமினோ பீனாலாக்கி, அதை அசிட்டைலேற்றம் செய்தால் பாராசிட்டமால்.

இந்த வாசல் திறந்த வரலாறு சுருக்கமானது. 1834-ல் மிட்சர்லிக் என்ற ஜெர்மானியர் பென்சீனிலிருந்து நைட்ரோபென்சீனைச் செய்தார். 1842-ல் ரஷ்யாவின் கசான் நகரில் சினின் அதை ஒடுக்கி அனிலீனைப் பெற்றார். 1854-ல் பெஷாம்ப், இரும்புத்தூளையும் அமிலத்தையும் கொண்டு மலிவாகச் செய்யும் வழியைக் கண்டார். இரண்டே ஆண்டுகளில், 18 வயதுப் பையனான பெர்கின், குயினைன் செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைவிட ஒரு வயதுதான் மூத்தவர். வகுப்பில் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

அனிலீன் என்ற பெயரைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச்சாயத்தைக் காய்ச்சி வடித்தபோதும் இதே பொருள் கிடைத்தது. அவுரிக்குப் போர்த்துக்கீசியர் வைத்திருந்த பெயர் ‘அனில்’. அது அரபியிலிருந்து வந்தது, அரபிக்கு நம்முடைய ‘நீலம்’ போனது. மாணவர்கள் அந்நியமாக நினைத்து உருப்போடும் ஒரு சொல்லுக்குள் நீலம் ஒளிந்திருக்கிறது. சென்னை மாகாணம் ஒரு காலத்தில் அவுரிச் சாயம் ஏற்றுமதி செய்த முக்கியமான பகுதி. தென்னார்க்காட்டில் ஏராளமான நிலம் அவுரிக்குப் போனது. 1897-ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது நாஃப்தலீனிலிருந்து தொடங்கிய வழி. சில ஆண்டுகளிலேயே அனிலீனிலிருந்து தொடங்கும் வழி வந்தது, அதாவது நைட்ரோபென்சீனிலிருந்து. நம் அவுரி விவசாயமும் சாயத் தொட்டிகளும் அதற்குப் பின் நிமிரவே இல்லை. அவுரியின் பெயரை வாங்கிக்கொண்ட பொருளே அவுரியை வீழ்த்தியது. ஐந்தாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ சாயத் தாவரங்களைப் பற்றிப் பேசும் ஆசிரியர்கள் இந்தக் கதையைச் சமன்பாடு இல்லாமலே சொல்லலாம்.

இப்போது நம் ஆய்வகத்துக்கு வருவோம். அனிலீனை அடையாளம் காணச் சாயச் சோதனை செய்கிறோம். அனிலீனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டியில் குளிரவைத்து, சோடியம் நைட்ரைட் கரைசலைச் சேர்த்து, அதைக் காரத்தில் கரைத்த பீட்டா நாஃப்தாலில் ஊற்றினால் கருஞ்சிவப்பாக ஒரு சாயம் விழும். மாணவர்கள் கைதட்டும் ஒரே கரிமச் சோதனை இதுவாகத்தான் இருக்கும். பதிவேட்டில் “சிவப்பு நிறச் சாயம் உருவாகிறது, முதல்நிலை அரோமேட்டிக் அமீன் உள்ளது” என்று எழுதிவிட்டுக் குழாயைக் கழுவிவிடுவார்கள்.

அந்தச் சிவப்புக்கு ஒரு பெயர் உண்டு. சூடான் 1. 2003-ல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் ஐரோப்பிய அதிகாரிகள் கண்டுபிடித்தது இதைத்தான். 2005-ல் இங்கிலாந்தில், அந்தத் தூள் சேர்ந்த ஒரு சாஸின் வழியாக நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டிவந்தது. அதே ஆண்டில் மசாலாப் பொருள்களில் ‘பாரா ரெட்’ என்ற இன்னொரு சாயமும் பிடிபட்டது. அனிலீனுக்குப் பதிலாகப் பாரா நைட்ரோ அனிலீனை எடுத்துக்கொண்டு நம் சாயச் சோதனையைச் செய்தால் கிடைப்பது பாரா ரெட். நைட்ரோ தொகுதி ஒடுக்கப்படாமல், அப்படியே சாயத்துக்குள் உட்கார்ந்திருக்கும் உதாரணம் அது. நம் மாணவர் சோதனைக் குழாயில் செய்யும் பொருளும், வணிகர் ஒருவர் மிளகாய்த்தூளுக்கு நிறம் கூட்டக் கலந்த பொருளும் ஒன்றே என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு யாரும் குழாயை அலட்சியமாகக் கழுவ மாட்டார்கள்.

மயிலாப்பூரில் இருந்துகொண்டு குங்குமத்தைச் சொல்லாமல் போக முடியாது. மஞ்சளிலிருந்து செய்யும் குங்குமம் வேறு, சாயம் ஏற்றிய சிவப்புப் பொடி வேறு. பொட்டு வைத்த இடம் கறுத்துப்போவதற்கு இப்படிச் சேர்த்த அசோ சாயங்கள் காரணமாக இருந்ததைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நான் உண்மையில் பேச வந்த இடம் இதற்கு அடுத்ததுதான். நைட்ரோவிலிருந்து அமீன், அமீனிலிருந்து டையசோனியம் உப்பு, அதிலிருந்து அசோ சாயம். இதுவரை ஒரே திசையில் வந்தோம். ஆனால் ஒடுக்கம் அங்கே நின்றுவிடுவதில்லை. அசோ சாயத்தை இன்னும் ஒடுக்கினால் இரண்டு நைட்ரஜன்களுக்கு நடுவிலான பிணைப்பு அறுந்து, மறுபடி அமீன்களே கிடைக்கும். சாயம் வந்த வழியே திரும்பிப் போகிறது. எந்த அமீன் வெளியே வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1895-ல் பிராங்க்ஃபர்ட் நகரின் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து வெளியிட்டார். அப்போது பழி அனிலீன் மேல் விழுந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் பென்சிடின், 2-நாஃப்தைலமீன் போன்ற வேறு சில அமீன்களைக் கைகாட்டின. பென்சிடின் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நம் பாடநூலுக்கே திரும்புகிறோம். நைட்ரோபென்சீனை அமில ஊடகத்தில் ஒடுக்கினால் அனிலீன், நடுநிலை ஊடகத்தில் பீனைல் ஹைட்ராக்சிலமீன், கார ஊடகத்தில் அசாக்சிபென்சீன், அசோபென்சீன், ஹைட்ரசோபென்சீன் என்று வரிசையாக வரும். பாடநூல் அங்கே நிறுத்திக்கொள்கிறது. அந்த ஹைட்ரசோபென்சீன் அமிலம் பட்டதும் உள்ளுக்குள் இடம் மாறிப் பென்சிடின் ஆகிறது. தேர்வுக்காக நாம் கடகடவென்று ஒப்பிக்கும் அந்தக் கார ஊடக வரிசைக்கு ஒரு காலத்தில் பெரிய வணிக மதிப்பு இருந்தது. பருத்தியில் நேராக ஏறும் சிவப்பும், தோலில் அழுத்தமாக ஏறும் கறுப்பும் அதிலிருந்து வந்தன.

ரேன் எழுதி 99 ஆண்டுகள் கழித்து, 1994-ல், ஜெர்மனி ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உடம்பில் படும் துணி, தோல் பொருள்களில், ஒடுக்கினால் 20 அமீன்களில் எதையாவது வெளிவிடும் அசோ சாயங்கள் இருக்கக் கூடாது என்றது. தோல் பொருள் ஏற்றுமதியில் ஜெர்மனி நமக்குப் பெரிய சந்தை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, இங்கே பக்கத்தில் பல்லாவரம், குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டை என்று தமிழ்நாட்டின் தோல் தொழில் முழுவதற்கும் இது இடிபோல வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புதான் பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லிக்கு அதே நாடு தடை போட்டு, அதில் ஓர் அடி வாங்கியிருந்தார்கள். சாயம் வாங்கி வந்த சிறு பட்டறைக்காரருக்கு அதன் பெயரே தெரியாது. ‘கறுப்பு, நம்பர் இவ்வளவு’ என்று தகர டின்னில் எழுதியிருக்கும். அதற்குள் எந்த அமீன் ஒளிந்திருக்கிறது என்று அவர் எப்படிச் சொல்வார்?

அந்த இடத்தில் அடையாறு வருகிறது. சர்தார் பட்டேல் சாலையில் நாம் தினமும் கடந்துபோகும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1948-ல் தொடங்கியது. தடை வந்தபோது சாயங்களையும் தோலையும் சோதித்துச் சொல்வதிலும், மாற்றுச் சாயங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் தொழில்துறைக்குத் துணைநின்றவர்கள் அவர்கள். இந்திய அரசும் தன் பங்குக்கு 1993-ல் 42 பென்சிடின் சாயங்களையும், 1997-ல் 70 அசோ சாயங்களையும் கையாளத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 2002-ல் இதே போன்ற விதி வந்தது.

சோதனை எப்படிச் செய்கிறார்கள் என்பது ஆசிரியர்களுக்கு மிகவும் பிடிக்கும். தோலைச் சிறு துண்டுகளாக்கி, சோடியம் டைதயோனைட் என்ற ஒடுக்கியோடு 70 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். தோலில் ஏறிய சாயம் அறுந்து அமீன்களாகிறது. அந்த அமீன்களைப் பிரித்தெடுத்து வண்ணப்பகுப்புக் கருவியில் அளக்கிறார்கள். பட்டியலில் உள்ள ஓர் அமீன் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு தோற்றது. பார்த்தீர்களா, சாயத்தை அப்படியே தேடவில்லை. சாயம் என்னவாக உடையும் என்று தேடுகிறார்கள். நம் பாடத்தின் ஒடுக்க வினைகள் பகுதியை ஒரு நாட்டின் சுங்கச் சாவடி எடுத்து அளவுகோலாக வைத்துக்கொண்டது.

இதை வகுப்பில் அரை மணி நேரப் பயிற்சியாகச் செய்யலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். மெத்தில் ஆரஞ்சும் காங்கோ சிவப்பும் அசோ சாயங்கள், இரண்டும் அமில, கார நிறங்காட்டிகள். இரண்டின் அமைப்பு வாய்பாட்டையும் கரும்பலகையில் வரைந்துவிட்டு, “நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பைக் கத்தரித்து, ஒவ்வொரு நைட்ரஜனுக்கும் இரண்டு ஹைட்ரஜன் கொடுங்கள்” என்று சொல்ல வேண்டும். மெத்தில் ஆரஞ்சை வெட்டினால் ஒரு பக்கம் சல்ஃபானிலிக் அமிலம் வரும். மறுபக்கம் டைமெத்தில் பாரா ஃபீனைலீன் டைஅமீன். இரண்டும் ஜெர்மானியப் பட்டியலில் இல்லை. காங்கோ சிவப்பில் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும். நடுவில் விழும் துண்டு, இரு முனையிலும் அமினோ தொகுதியோடு இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருப்பது. பென்சிடின். சாதாரணமாகக் கரிம வேதியியலைக் கண்டு ஒதுங்கும் மாணவர்கள்கூட இந்தக் கத்தரி விளையாட்டில் முன்னால் வருகிறார்கள். “எல்லா அசோ சாயமும் விஷம்” என்ற முடிவுக்கு யாரும் தாவாமலும் இருக்கிறார்கள்.

தோலில் படும் சாயத்தை எதற்கு ஒடுக்கிப் பார்க்க வேண்டும், செருப்புக்குள் டைதயோனைட்டா இருக்கிறது என்று ஒரு கேள்வி வரும். வரவேண்டிய கேள்விதான். நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் கல்லீரலுக்கும் அசோ பிணைப்பை அறுக்கத் தெரியும். தோலின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் சிலவற்றுக்கும் தெரியும். மருத்துவ வரலாற்றிலேயே இதற்கு மிகப் புகழ்பெற்ற சான்று உண்டு. 1935-ல் டோமாக் வெளியிட்ட புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம், கிருமி தொற்றிய எலிகளைக் காப்பாற்றியது. ஆனால் கண்ணாடிக் குழாயில் அதே கிருமியை ஒன்றும் செய்யவில்லை. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தினர் அதே ஆண்டில் காரணத்தைக் கண்டார்கள். உடம்புக்குள் அசோ பிணைப்பு அறுந்து சல்ஃபானிலமைடு வெளிவருகிறது, மருந்து அதுதான். சல்ஃபா மருந்துகள் எல்லாம் அங்கிருந்து பிறந்தன. ஒரே வெட்டு. ஒரு சாயத்தில் மருந்து விழுகிறது, இன்னொன்றில் பென்சிடின் விழுகிறது. பென்சிடினை மட்டுமல்ல, உடம்பில் பென்சிடினாக மாறும் சாயங்களையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்றே பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பஞ்சு மிட்டாயைப் பற்றிக் கேட்பீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தபோது மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் வாங்கித் தின்ற பிள்ளைகள் முகம் வாடியது நினைவிருக்கும். அதில் பிடிபட்டது ரோடமின்-பி. அது அசோ சாயம் அல்ல, முற்றிலும் வேறு குடும்பம். செய்தித்தாளைப் படித்துவிட்டு ‘செயற்கை நிறம்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடாமல் இருப்பது நல்லது. உணவில் அனுமதிக்கப்பட்ட நிறங்களிலும் அசோ சாயங்கள் உண்டு. வெட்டினால் நீரில் நன்கு கரையும் சல்ஃபோனிக் அமிலத் துண்டுகள் வரும்படி அவை அமைந்தவை. சிறு பிள்ளைகளுக்கு இவ்வளவு வேண்டாம். “கையில் தொட்டால் ஒட்டும் ரோஸ் நிறம் துணிக்கானது, வயிற்றுக்கானது அல்ல” என்றால் போதும்.

ஆய்வகத்தைப் பற்றிச் சுருக்கமாக. நைட்ரோபென்சீனும் அனிலீனும் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். இரத்தத்தில் ஹீமோகுளோபினின் இரும்பை ஆக்சிஜனேற்றி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக்கிவிடும். உதடும் நகமும் நீலம் பாயும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதிதாகச் சாயம் பூசிய ஷூவைப் போட்டுக்கொண்டவர்களுக்கு இப்படி நீலம் பாய்ந்து மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் உண்டு. நைட்ரோபென்சீனுக்கு வாதுமை வாசனை. முகர்ந்து பார்க்கக் கூடாது. சாயச் சோதனைக்கு அனிலீன் இரண்டு சொட்டு போதும், ஆசிரியரே கையுறையோடு ஊற்றிக் கொடுப்பது நல்லது, கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனி ஜாடியில் சேர்க்க வேண்டும். பழைய அலமாரியைச் சுத்தம் செய்யும்போது பிக்ரிக் அமிலம் என்று சீட்டு ஒட்டிய புட்டி ஏதாவது தென்பட்டு, உள்ளே நீரில்லாமல் மஞ்சள் படிகமாகக் காய்ந்திருந்தால், மூடியைத் திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். அறையைப் பூட்டித் தலைமையாசிரியரிடம் சொல்லி, தீயணைப்புத் துறையை வரவழையுங்கள். ஈரமாக இருக்கும்வரை சாது, காய்ந்தால் உராய்வே போதும். பின்வரிசைக் குரல் சொன்ன வெடிகுண்டு இந்த ஒரு புட்டிக்குத்தான் பொருந்தும்.

சென்ற ஆண்டு இந்தக் கத்தரிப் பயிற்சி முடிந்த மறுநாள் ஒரு மாணவி வந்து, “டீச்சர், எங்கப்பா பல்லாவரத்துல தோல் கம்பெனியில டிரம்முல சாயம் கலக்குறாரு. நகத்துல கறுப்பு போகவே மாட்டேங்குது. அது அந்த பென்சிடினா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப முடியாது. சாய டின்னின் மேல் எழுதியிருக்கும் பெயரை அப்படியே எழுதிவரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தாள். ‘ஆசிட் பிளாக் 210’.

முன்பு தோலுக்குக் கறுப்பேற்றப் பரவலாக இருந்த ‘டைரக்ட் பிளாக் 38’ பென்சிடினிலிருந்து செய்தது. ஆசிட் பிளாக் 210 பென்சிடின் இல்லாமல் செய்யும் கறுப்பு. அதன் வாய்பாட்டைத் தேடி எடுத்து அவளும் அவள் தோழியும் மதிய இடைவேளையில் கரும்பலகையில் வரைந்தார்கள். பாதிப் பலகை பிடித்தது. மூன்று அசோ பிணைப்புகள், மூன்று வெட்டு, நான்கு துண்டு. எதுவும் பட்டியலில் இல்லை என்று பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. ஆனால் தோழி ஓரத்துத் துண்டைக் காட்டினாள். பாரா நைட்ரோ அனிலீன். “டீச்சர், இதுல இன்னொரு நைட்ரோ பாக்கி இருக்கே, அதையும் ஒடுக்கினா?”

ஒடுக்கினால் பாரா ஃபீனைலீன் டைஅமீன். தலைமுடிச் சாயத்தில் இருப்பது, பலருக்குத் தோல் ஒவ்வாமை தருவது. புற்றுநோய்ப் பட்டியலில் இல்லை என்பது ஒன்று, கையில் படலாம் என்பது வேறொன்று. அன்று மாலை அந்தப் பெண் தன் நோட்டில் அப்பாவுக்காக எழுதிக்கொண்டு போனது மூன்று வரி: பொடியைக் கொட்டும்போது முகக்கவசம், கலக்கும்போது முழங்கைவரை ரப்பர் கையுறை, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதற்கு மேலே, யாரும் கேட்காமலே, நான்கு துண்டுகளையும் வரைந்து வைத்திருந்தாள்.